இலுப்பந்துறை அணிக்குப் பதினொரு பேர்

என்ர அன்பான பெரியண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருசமாகப் போகுது. உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் எங்கட ரொறன்ரோவுக்கே வந்திட்டுது, பாக்க நீங்கள் இல்லை. எங்கட ரூஜ் பக்கத்தில வீட்டுக்கு வீடு கொடி பறக்குது. எனக்கு ரிவியைப் போட்டவுடனே கோவம் கோவமா வருது. நீங்கள் ஏன் இல்லை எண்ட கோவம்தான், வேற ஆரோட?

நியூ ஜேர்சி ரவி மச்சான் நேற்றும் போன் எடுத்தவர். அமெரிக்கனுக்கு ஏன் உதைபந்து பிடிபடேல்லை எண்டு உங்களோட இருபது வருசமா இழுத்த அதே வழக்கு, இப்ப என்னோட. "சும்மா அமெரிக்கனை நக்கலடிக்காதேங்கோ. எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலயே எங்கட விளையாட்டுகள் இருக்கு. உங்கட பந்து வரேக்குள்ள கதிரை எல்லாம் நிரம்பிட்டுது" எண்டார். "எங்கட அமெரிக்கப் பெட்டையள் உலகக் கிண்ணம் எடுத்ததைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டியள்" எண்டும் குத்தினார். அது உண்மைதானே, அண்ணை?

நீங்கள் சொல்லுற மறுமொழியைத்தான் நானும் சொன்னன். மற்ற நாடுகளில ஒரு பந்தும் நாலு பேரும் இருந்தாக் காணும். ஆரும் ஆரையும் கேக்கிறதில்லை, போய் நிக்கிறதுதான். அமெரிக்காவில எண்டால் பிள்ளையைக் காரில ஏத்தோணும், பழக்க ஒரு கோச் பிடிக்கோணும், பதிவுப் போம் நிரப்போணும். கேட்டுக் கேட்டு உள்ளுக்குப் போற விளையாட்டு எப்பிடி ஒரு சனத்தின்ர விளையாட்டாகும்?

சொல்லி முடிக்கேக்குள்ள என்ர மேசையில கிடந்தது எங்கட ஊர்க் கழகத்தின்ர பதிவுப் போம். நானே அடிச்ச போம். முதல் கேள்வி, பேர். இரண்டாவது, ஊர்.

இலுப்பந்துறைக்காரர் மட்டும்தான் விளையாடலாம் எண்டது உங்கட சட்டம். இந்தக் கோடைக்கு ஒன்பது பேர்தான் பதிஞ்சவை. ஒஷாவாவுக்கும் அஜக்ஸுக்கும் வீடு மாறிப் போனவை வரமாட்டினம், முழங்கால் போனவை வரவே மாட்டினம். பதினொரு பேர் இல்லையெண்டால் சுற்றுப்போட்டியில எங்கட பேரை வெட்டிப்போடுவினம்.

பக்கத்து வீட்டுக் குவாமேயை நினைவிருக்கோ? கானாவில இருந்து வந்து இஞ்ச பஸ் ஓடுறவர். மூண்டு வருசத்துக்கு முதல், தானும் விளையாட வரட்டோ எண்டு கேட்டவர். "ஆள் நிரம்பிட்டுது எண்டு சொல்லு" எண்டியள். நான் வேலிக்கு மேலால அந்தப் பொய்யைச் சொன்னன். அந்தக் கிழமை நாங்கள் பத்துப் பேரோட இறங்கித் தோத்தம். உங்கட செத்தவீட்டுக்கு அந்த மனுசன் கோட் போட்டுக்கொண்டு வந்து கடைசிவரைக்கும் நிண்டவர். எனக்கு அவற்ற முகத்தைப் பாக்க வெக்கமாப் போச்சு.

நீங்கள் ஏன் உந்தச் சட்டத்தைப் போட்டனியள் எண்டு எனக்குத் தெரியும். ஓடிவந்த முதல் வருசங்களில, "ஊர் போச்சு, பேராவது கிறவுண்டில நிக்கட்டும்" எண்டு அழுதுகொண்டு சொன்னியள். அதை நான் பிழை எண்டு சொல்லேல்லை. ஆனால் அமெரிக்கனைச் சிரிச்சுக்கொண்டு நாங்களும் கேற்றைப் பூட்டித்தானே வைச்சிருக்கிறம்?

போன ஞாயிறு கழகக் கூட்டத்தில எழும்பினன். ஊர்க் கேள்வியை எடுக்கோணும் எண்டன். "கொண்ணை போட்ட சட்டத்தை நீயே உடைக்கிறியோ?" எண்டு தலைவர் கேட்டார். "ஓம். அண்ணை இருந்தா இப்ப கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போயிருப்பார். காருக்குள்ள இருந்து யோசிச்சுப்போட்டுத் திரும்பி வந்திருப்பார்" எண்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. ஆனால் கையை உயர்த்திச்சினம், பாதிப் பேருக்கு மேல.

அண்டைக்குப் பின்னேரமே குவாமேயிட்டைப் போனன். முதல் வேலையா, நான் சொன்னது பொய் எண்டு சொன்னன். "தெரியும். அந்த மட்சைப் பாக்க வந்தனான், எண்ணிப் பாத்தனான்" எண்டார். பிறகு உள்ளுக்குப் போய், விளையாடுற சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். தன்னோட பஸ் ஓடுற இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வாறாராம். பதினொண்டு சரி.

விளையாடுற சட்டையில ஊர்ப் பேர் மாறாது, அண்ணை. ஒலிபெருக்கியில மட்ச் சொல்லுறது வழமைபோல நான்தான். இதை உங்களுக்கு வாக்காத் தாறன்: வாற சனிக்கிழமை அந்த மனுசன் ஒரு கோல் அடிச்சா, கிறவுண்ட் முழுக்கக் கேக்க "இலுப்பந்துறை குவாமே" எண்டுதான் சொல்லுவன். நீங்கள் எழும்பிப் போய்க் காருக்குள்ள இருந்தாலும் கேக்கும்.

உங்கட சொல்லுக் கேக்காத தங்கச்சி,
வசந்தி