தூசி எங்கிருந்து வந்தது

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வழக்கமாக அடுத்த வரியிலேயே அப்பாவும் சௌக்கியம் என்று எழுதிவிடுவேன். இந்தத் தடவை அந்த வரி வரவில்லை, அதனால்தான் போனை விட்டுக் காகிதத்தை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "உண்மையைச் சொல்லும்மா, நான் வேலையை விட்டுட்டு வரணுமா வேணாமா?" என்று கேட்டாய். நான், "அதெல்லாம் ஒண்ணுமில்லடி, நீ வேலையைப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் நம் வீடு உனக்குத் தெரியாததா? கூடத்தில் பேசினால் சமையலறைக்குக் கேட்கும், சமையலறையில் முணுமுணுத்தால் கட்டிலுக்குக் கேட்கும். அந்தக் கட்டிலில் அப்பா முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி நாம் பேசுவதை ஒரு எழுத்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது? இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

அப்பாவின் நெஞ்சு மரச்சாமான் பட்டறையில் தேய்ப்பு மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று உழைத்த நெஞ்சு. வீட்டில் பொட்டுத் தூசி இருக்கக்கூடாது என்று நெஞ்சு டாக்டர் சொன்னதும் நீ அந்த வேக்குவம் கிளீனரை வாங்கி அனுப்பினாய். வந்த புதிதில் அது நன்றாகத்தான் உழைத்தது, அப்பாவும் தேறி வந்தார். பிறகு மெல்ல மெல்ல அதன் இழுப்பு குறைந்தது. ஒரே இடத்தில் போட்டுத் தேய்த்தாலும் ஒரு நூல்கூட எழவில்லை. நீதான் என்னை அறிவாயே, வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன், கணக்குத் தப்பாக வந்தால் விடையை அழித்து எழுதாதே, எந்த வரியில் சறுக்கியது என்று மேலிருந்து பார் என்று. அதே மாதிரி இதையும் வாயிலிருந்து வால்வரை பார்த்தேன். தூசி டப்பா கழுத்துவரை நிரம்பியிருந்தது, கொட்டினேன். குழாயைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தேன், வெளிச்சம் தெரியவில்லை. துடைப்பக் கட்டையின் பின்பக்கத்தால் மெதுவாகத் தள்ளியதும் அப்பாவின் ஒற்றைக் கால்சாக்ஸ் பாம்புச் சட்டை மாதிரி வெளியே வந்து விழுந்தது. அடியில் உருளும் பிரஷ்ஷில் முழுக்க என் முடி. என் தலையில் இருப்பதைவிட அதில்தான் அதிகம் என்று அப்பா கேலி செய்தார். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். இவ்வளவு செய்தும் இழுப்பு பாதிதான் திரும்பியது. அழுத்தி அழுத்தித் தள்ளி எனக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு, அப்பா பார்க்காத நேரமாகப் பார்த்து முனகுவேன்.

அப்புறம் ஒரு நாள் மெஷினைப் போட்டால், திரைச்சீலையையே பிய்த்து இழுக்கிற மாதிரி அப்படி ஓர் இழுப்பு! பிரஷ்ஷைச் சுத்தம் செய்ததற்குப் பலன் இரண்டு நாள் கழித்து வருகிறது போலும் என்று நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். நன்றாக இழுக்கிறதே என்று காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று வீடு முழுக்கத் தள்ளினேன். அந்த வாரத்திலிருந்துதான் அப்பாவுக்கு மோசமாகத் தொடங்கியது. முதலில் இருமல். பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பேச்சே துண்டு துண்டாகிவிட்டது. "தண்ணி" என்று சொல்லி நிறுத்துவார், மூச்சைத் தேடிப் பிடித்த பிறகுதான் "குடு" வரும். டாக்டர் மருந்தைக் கூட்டினார். உன் அண்ணன், "மேல் வீட்டுல சுவரை இடிக்கிறாங்களே, அந்தச் சிமெண்டுத் தூசிதாம்மா" என்று போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தான். நான் தலையணையை மாற்றினேன், மெத்தையை வெயிலில் போட்டேன், அலமாரிப் புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டினேன். அவர் இருமினால் நான் மெஷினை எடுத்தேன், எடுக்க எடுக்க அவர் இன்னும் இருமினார்.

இதற்கிடையில் மெஷினும் மக்கர் செய்தது. கருகின வாடை வந்தது, பாதி அறையிலேயே தானாக நின்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆறவிட்டால் திரும்ப ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். கடைத்தெரு மெக்கானிக் வந்து எடுத்துப் போனார், சில நாள் வைத்திருந்தார். அந்த நாட்களில் நான் ஈரத்துணியால்தான் துடைத்தேன், அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் அடங்கியது. புது மருந்து பிடித்துக்கொண்டது என்று நினைத்தேனே தவிர, இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. மெக்கானிக் மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து, "மோட்டார் சூடாகுது டீச்சரம்மா, இது ரொம்ப நாள் தாங்காது, புதுசா ஒண்ணு பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் வீடு முழுக்க நன்றாக ஓட்டினேன். மதியத்துக்குள் அப்பாவின் உதடு நீலம் பூத்துவிட்டது. அண்ணன் ஓடி வந்து, கீழ்க்கடைத் தையல்காரரும் அவனும் நாற்காலியோடு தூக்கி இறக்கி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அண்ணன் உனக்குப் போன் செய்து, "அப்பா நெலம சரியில்ல, வேலையாவது ஒண்ணாவது, கெளம்பி வா" என்று சொன்னது அந்த வராந்தாவில் நின்றுதான். பயத்தில் சொன்னான், அவன்மேல் வருத்தப்படாதே.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். அவர் வருவதற்குள் வீட்டைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று நான் முன்னாலேயே வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டேன். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஏதோ எடுக்கத் திரும்பினேன். மெஷினுக்குப் பின்னால், அந்த வெயிலில், புகை மாதிரி ஒன்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. புகை இல்லை, தூசி. மாவாக அரைத்த தூசி. முன்னால் வாரி எடுத்துப் பின்னால் அவர் கட்டில் இருக்கும் திசையில் ஊதிக்கொண்டிருந்தது. உன் அப்பாவின் வெள்ளைக் கைக்குட்டையை அந்தக் காற்று வரும் கம்பிச் சல்லடைக்கு நேரே பிடித்தேன், பத்து எண்ணி முடிப்பதற்குள் வட்டமாகச் சாம்பல் நிறம் படிந்தது. நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்தேன். அங்கே விசிறிபோல் மடித்த ஒரு வெள்ளை ஃபில்டர் இருக்க வேண்டும், நுண்தூசியைப் பிடித்து வைப்பதே அதுதான். அந்த இடம் காலி.

யாரைச் சந்தேகப்படுவேன்? மெக்கானிக்கை உடனே வரச்சொன்னேன். வந்த மனிதரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஒரு உயிரு ஊசலாடுது, ஃபில்டரை எங்கய்யா கழட்டிப் போட்டீங்க?" என்று கத்தினேன். அவரும் விடவில்லை. "வார்த்தையை அளந்து பேசுங்க டீச்சரம்மா. பின்பக்கத்த நான் தொறக்கவே இல்ல. எத்தனை வருஷமா இந்தத் தெருவுல கடை வெச்சிருக்கேன், ஒரு ஸ்க்ரூ குறைஞ்சுதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?" என்று அவரும் எகிறினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் உன் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா வாசலில் வந்து நின்றார். கதவு நிலையைப் பிடித்தபடி, ஒவ்வொரு சொல்லாக, "அவர... திட்டாத... நாந்தான்... எடுத்தேன்" என்றார்.

அண்ணன் அவரை நாற்காலியில் உட்கார வைத்தான். ஒரு நாள் நான் குளிக்கப் போனபோது மெஷினைத் திறந்து பார்த்திருக்கிறார். பட்டறைக்காரக் கை சும்மா இருக்குமா? அந்த ஃபில்டர் தூசியில் அடைத்து அட்டை மாதிரி ஆகியிருந்ததாம். எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார், சும்மா பிய்த்து இழுத்திருக்கிறது. தட்டிப் போட்டுவிடலாம் என்று தட்டிப் பார்த்தாராம், போட்டால் மறுபடி மந்தம். அதனால் பழைய சட்டைக்குள் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா... திரும்பப் போட்டுடுவ. தோளு... வலிக்குதுன்னு... நீ மொனகறது... எனக்குக் கேக்காதுன்னு... நெனச்சியா?" என்றார். நம் வீட்டில்தான் எல்லாம் எல்லோருக்கும் கேட்குமே.

என்ன சொல்வேன் அவரை? அழுக்கைப் பிடித்து வைப்பதால்தான் அது அடைக்கிறது, அடைக்கிறதே என்று அதையே எடுத்துவிட்டால் பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? பட்டறையில் மூக்குத்துணி மூச்சை முட்டுகிறது என்று கழற்றி வீசுவாரே, அதே வேலைதான் இது. திட்ட வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை, சமையலறைக்குள் போய்விட்டேன். மெக்கானிக்குக்குத் தேநீர் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர், "விடுங்க டீச்சரம்மா, எல்லா வீட்டுலயும் புருஷன் தப்புக்கு மெக்கானிக்தான் பழி சுமக்கிறான்" என்றார். அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகத்தான் முடிந்தது.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தினம் ரெண்டு வேளை தூசியை அரைச்சு அவர் மூக்குலயே ஊதியிருக்கீங்கம்மா" என்றார். அது என்னைக் குத்துவதற்காகச் சொன்னதில்லை, ஆனாலும் குத்தியது. இனிமேல் தூசி படாமல் இருந்தால் நிச்சயம் தேறுவார், எவ்வளவு தேறுவார் என்று இப்போது சொல்ல முடியாது, அடுத்த மாத முதல் வாரம் குழாயில் ஊதச் சொல்லி ஒரு டெஸ்ட் எடுப்போம், போன நெஞ்சுப் பலம் திரும்பியதா அல்லது கொஞ்சம் நிரந்தரமாகவே போய்விட்டதா என்று அதில் தெரியும் என்றார். புது ஃபில்டர் வாங்கிப் போட்டாயிற்று. மோட்டாருக்குள் தூசி புகாததால் கருகல் வாடையும் குறைந்துவிட்டது. இருந்தாலும் மெஷினை எடுக்கும்போது அப்பாவைத் தையல்காரர் கடையில் உட்கார வைத்துவிடுகிறேன். இப்போது இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்கிறார். முந்தாநாள் தையல்காரரிடம் பொத்தான் காஜா சரியில்லை என்று வம்புக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் இரவில் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். இதுவும் உண்மை, இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். இப்போது வராதே. புதிதாகச் சேர்ந்த வேலை, பாதியில் விட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். உன்னைப் பார்த்தால் அப்பாவுக்குச் சந்தோஷம் ஐந்து நிமிடம், தன்னால் உன் வேலை போயிற்று என்ற எண்ணம் அதற்கப்புறம் முழு நேரமும். ஆனால் டெஸ்ட் முடிந்ததும் நிலைமை மாறலாம். அதனால் ஒன்று செய்வோம். அன்றைக்கு நான் வீட்டிலிருந்து, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன்னோடு பேசுவேன். எல்லாம் நல்லபடி என்றுதான் சொல்வேன், நீயும் சிரித்துப் பேசு, நம்பாதே. பிறகு கீழே இறங்கித் தையல்காரர் கடைப் போனிலிருந்து கூப்பிடுவேன். தெரியாத எண் என்று எடுக்காமல் இருந்துவிடாதே. அதில் நான் ஒண்ணுமில்லடி என்ற சொல்லைச் சொல்ல மாட்டேன், உன்மேல் சத்தியம். வா என்றால் அன்றைக்கே கிளம்பு. வேண்டாம் என்றால் உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேனோ என்று நினைக்காமல் வேலைக்குப் போ. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நல்ல செய்தியை மட்டும் சொல்லிப் பழகிவிட்டேன். உனக்கு அது போதாது என்று ஞாயிற்றுக்கிழமை உன் குரலிலேயே தெரிந்தது.

உன் அறையில் இருக்கும் மெஷினையும் இந்த வாரம் திறந்து பார்த்துவிடு. முதலில் பிளக்கைப் பிடுங்கு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். ஃபில்டரைக் கழுவலாம் என்று போட்டிருந்தால் மட்டும் கழுவு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு, ஈரத்தோடு அவசரப்பட்டுப் போடாதே. மூச்சு நிறைந்து, மனம் நிறைந்து, நீ நீண்ட காலம் நன்றாக இரு. அப்பா எவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், மெஷினைப் பற்றி என்று சொல்லியிருக்கிறேன். தையல்காரர் கடை எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இன்றைக்கே உன் போனில் ஏற்றிவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா