மீன் கழுவிக்கொண்டே படித்த இங்கிலீஷ்

ஏற்றுமானூர்,
திங்கட்கிழமை.

என் லின்ஸி மோளுக்கு,

கர்த்தர் ஈசோ உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இங்கே மழை விடவில்லை. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. மற்றபடி ஒன்றுமில்லை. போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பிரஷர் எவ்வளவு என்று கேட்கிறாய், மாத்திரை போட்டீங்களா என்கிறாய், போட்டேன் என்கிறேன். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நீ விசாரிக்கச் சொன்ன புது ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பழைய சினிமாக் கொட்டகையை இடித்த இடத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். நர்ஸ் வேலைக்கு ஆள் தேவை என்று கேட்டிலேயே பெரிய பலகை. ஆள் எடுக்கிறவர் மரியாதையாக உட்கார வைத்தார். மகள் அயர்லாந்தில் ஐ.சி.யூ.வில் இருக்கிறாள், திரும்பி வரலாமா என்று யோசிக்கிறாள் என்றேன். மனுஷன் சிரித்தே விட்டார். "அம்மச்சி, இந்த ஊர்லேர்ந்து போனவங்க கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் வருவாங்க. வேலைக்கு வர்றேன்னு ஒருத்தி சொல்லி இப்பத்தான் கேக்கறேன்" என்றார். நீ வந்தால் ஐ.சி.யூ. பொறுப்பையே தருவார்களாம். சம்பளத்தை மட்டும் அங்கே வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாதாம். அதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

பக்கத்து வீட்டுப் பெண்ணம்மாவுக்குக் காலில் புண். மூன்று மகள்களும் நர்ஸ், மூன்று பேரும் மூன்று நாட்டில். கட்டு மாற்ற ஆட்டோ பிடித்துப் போகிறாள். அவளிடம் போய் நீ வரலாம் போல என்று உளறிவிட்டேன். "கிடைச்ச வேலைய விட்டுட்டு வர அவளுக்கென்ன கிறுக்கா? ஏன் வந்தேன்னு கேக்க ஊரே உன் வாசல்ல நிக்கும்டீ" என்றாள். அத்தோடு நிறுத்தினாளா? "நீ சொன்ன தேங்க் யூவத்தான் அந்தப் பொண்ணு இன்னும் சுமந்துக்கிட்டுத் திரியுது" என்றும் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே வருவதில்லை மோளே. சோறு உப்பா, சப்பா என்றுகூடத் தெரிவதில்லை.

அந்தத் தேங்க் யூவைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். வெளிநாடு போக இங்கிலீஷ் பரீட்சை, அதில் எதிரே இருப்பவர் நோயாளியின் சொந்தக்காரராக நடிப்பார் என்று சொல்லி, அடுப்படியில் என்னைப் பிடித்து உட்கார வைத்தாயே. நான் மத்தி மீனைக் கழுவிக்கொண்டே நடித்தேன். ஒரு நாள் சர்க்கரை நோயாளியின் தங்கை, ஒரு நாள் ஆஸ்துமாப் பிள்ளையின் அம்மா. உனக்குத் தடுமாறியதெல்லாம் சாவைச் சொல்லும் இடம்தான். அதனால் நான் பெரும்பாலும் புருஷன் செத்தவள். நீ அழகாகச் சொல்லி முடிப்பாய். "தேங்க் யூ சிஸ்டர், கேன் ஐ ஸீ ஹிம்" என்று நீ கற்றுக்கொடுத்தபடி நான் சொல்வேன். நன்றி, அவரைப் பார்க்கலாமா என்று அர்த்தம். உன் அப்பச்சன் முன்னறையிலிருந்து, "இன்னிக்கும் என்னைக் கொன்னாச்சா? கொன்னாச்சுன்னா ஒரு கட்டன் சாயா கொண்டா" என்பார். நாம் சிரிப்போம்.

நெஞ்சு வலிக்கிறது என்று அவரை நீ அப்போது இங்கே வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது வெறும் வாயு என்றுதான் நான் நினைத்தேன். நடந்துதானே வந்தார். நீ யூனிபார்மில் வெளியே வந்து, என் எதிரே உட்கார்ந்து, என் கையைப் பிடித்து இங்கிலீஷில் ஆரம்பித்தாய். அதே வாக்கியங்கள், அதே நிதானம். பரீட்சைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் படிக்கிறாள் என்று நினைத்தேன். பெண்ணம்மா பக்கத்தில் இருந்ததால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே, "தேங்க் யூ சிஸ்டர், கேன் ஐ ஸீ ஹிம்" என்றேன். நீயும் படித்து வைத்தபடியே எழுந்து கதவைத் திறந்துவிட்டாய். உள்ளே போனேன். முகத்தை மூடியிருந்தார்கள்.

புருஷன் செத்ததற்கு நன்றி சொன்ன ஏலியாம்மா என்று கோயில் வாசலில் பேசுகிறார்களாம். பேசட்டும். உன் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. உனக்கு வாயில் வந்தது அது, எனக்கு வந்தது இது. இதற்குப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டு நீ வர வேண்டாம். இந்த வேலை பிடித்திருந்தால் வா. பிடிக்காவிட்டால் அங்கேயே இரு.

ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். அடக்கம் ஆயிற்று, நாற்பத்தொன்றாம் நாள் ஆயிற்று, நீ விமானம் ஏறிப் போயும் ஆயிற்று. நான் இன்னும் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்து ஆறுதல்தான் சொன்னார்கள். செய்தியை யாருமே சொல்லவில்லை. நீ சொன்னது எனக்குப் புரியவில்லை மோளே.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வேறெதுவும் கேட்காதே. "அம்மச்சி, அப்பச்சன் போயிட்டாரு" என்று நம் பேச்சில் ஒரு தடவை சொல். போனை வைத்துவிடாதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மச்சி
ஏலியாம்மா