அப்பா வீட்டில் ஐந்து மணி மாட்டினேன்

மார்ச் 4, திங்கள்

புது எக்ஸ்சேஞ்சுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தாயிற்று. ஒரே நேரத்தில் எத்தனை வீட்டில் போன் அடிக்கும், அத்தனைக்கும் மணியடிக்க எவ்வளவு கரண்ட் வேண்டும் – இவ்வளவுதான் கேள்வி. மண்டை காய்கிறது.

அண்ணன் கூப்பிட்டான். "அப்பா போனையே எடுக்கறதில்ல. காது சுத்தமாப் போச்சு. தனியா விடமுடியாது. மாசக் கடைசியில வந்து என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அப்பாவையா? வாசலில் நின்று தெருவையே விசாரிக்கிற மனுஷனையா?

மார்ச் 6, புதன்

அப்பா வீட்டில் ஐந்தாவது போன் மணியையும் மாட்டிவிட்டேன், குளியலறைக்கு வெளியே. அவர் எடுக்காத ஒவ்வொரு தடவையும் ஒன்று மாட்டியதில் கூடம், சமையலறை, படுக்கையறை, பின்வாசல் எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தன. இனி எங்கே இருந்தாலும் கேட்கும். "இது வீடா, பள்ளிக்கூடமா?" என்றார். ஆனால் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

மார்ச் 8, வெள்ளி

எடுக்கவில்லை.

மார்ச் 9, சனி

நேரில் போய்க் கத்தினேன். "வேணும்னே எடுக்காம இருக்கீங்களாப்பா? அண்ணன் வந்து நிக்கப்போறான்!"

"அடிச்சா எடுக்க மாட்டேனா சின்னவளே? அடிக்கவே இல்லம்மா."

நம்பவில்லை. சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அவன்கூடப் போயிடட்டுமா? உனக்கும் அலைச்சல் குறையும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

போன் அடிப்பதே இல்லை என்று ஒரு விடுதிக்காரர் புகார். போய்ப் பார்த்தால் ஒரே லைனில் மாடிக்கொரு மணி! அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு லைன்ல வர்ற கரண்ட் மூணு மணியைத்தான் சார் தாங்கும். அதுக்குமேல பங்கு போட்டா ஒண்ணுமே அடிக்காது. இதுகூடத் தெரியாம எந்தப் புத்திசாலி சார் மாட்டினது—"

மணியிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தேன். அப்பா வீட்டில் ஐந்து!

"என்ன மேடம், ஷாக் அடிச்சிடுச்சா?" என்றார் கூட வந்த லைன்மேன்.

ஆமாம். ஊருக்கே மணியடிக்கக் கணக்குப் போடுகிறவள் நான்.

மார்ச் 13, புதன்

லீவு போட்டுவிட்டு ஓடினேன். ஐந்தையும் கழற்றிவிட்டுப் பெரிய மணி ஒன்றைக் கூடத்தில் வைத்தேன். அடிப்பதற்கு வீட்டுக் கரண்டையே எடுத்துக்கொள்ளும், லைனுக்குப் பாரமில்லை. அப்பா வழக்கம்போல ஏணியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என் காது போகலையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கொஞ்சம் மந்தம்தான். உங்க பொண்ணுக்குத்தான் மூளை போச்சு."

என்ன சிரிப்பு அவருக்கு! ஏணியே ஆடிவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

எக்ஸ்சேஞ்சுக் கணக்கைத் திருத்தினேன். வீட்டுக்கு ஒரு மணி என்று போட்டிருந்தேன். பாசக்கார வீடுகள் ஒன்றோடு நிறுத்தாது. மேலதிகாரி எதற்கு இவ்வளவு கூடுதல் என்றார். அனுபவம் சார் என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

அப்பாவைக் கூப்பிட்டேன். என்கேஜ்டு. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டேன். என்கேஜ்டு. அண்ணனைக் கூப்பிட்டால் அவனும் என்கேஜ்டு.

கடைசியில் அண்ணனே கூப்பிட்டான். "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன். மொத மணியிலேயே எடுக்கறாரு. எடுத்தா வைக்கவே மாட்டேங்கறாரு. என்னால முடியாதுடி, நீயே வெச்சுக்கோ."

உடனே அப்பாவுக்குப் போட்டேன். மறுபடி என்கேஜ்டு. இப்போது யாரிடமோ!