மேசைக்கடியில் ஒரு கால்

நோயமி,

ஜெபக்கூடத்து வகுப்பு முடிந்து நீ வரும்போது நான் விமான நிலையத்தில் இருப்பேன். வாசலிலேயே ஷூவை உதறு. ஜெபக்கூடத்துத் தரையில் நம் வழக்கப்படி பரப்பிய மணலை வாரம் ஒரு கைப்பிடி நீ வீட்டுக்குக் கடத்துவதாக அம்மா புகார். கோழியும் கிழங்குத் துருவலும் சேர்த்துச் சுட்ட போம் மேசையில் மூடியிருக்கிறது. மொறுமொறு ஓரத்தை நான் தின்றுவிட்டேன். மன்னிக்காதே.

"பஸ்கா பண்டிகை முடிஞ்சுதான் போவேன்னு சொன்னியே, பொய்யா! நான் பாடவே மாட்டேன் போ!" என்று காலையில் கத்திவிட்டு ஓடினாய். ஆம்ஸ்டர்டாம் கல்லூரி சேரும் தேதியை முன்னே இழுத்துவிட்டது. என்னைக் கேட்கவில்லை.

ஆனால் நீ பாடு. பஸ்கா விருந்து மேசையில் அந்த நாலு கேள்வியையும் வீட்டின் கடைக்குட்டிதானே பாட்டாகக் கேட்கணும்? டா கோஸ்டா டீச்சர் வருஷம் பூராவும் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அடுத்த கேள்வி மறந்து நீ முழிக்கும்போதெல்லாம் மேசைக்கடியில் உன் காலை மிதித்து முதல் வார்த்தையை முணுமுணுப்பேனே, அந்த வேலையை அப்பாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவர் கால் பெரிசு. ஷூவோடு உட்கார்.

என் சைக்கிள் இனி உனக்கு. சாவி சர்க்கரை டப்பாவில்.

உன் அண்ணன் யோரம்

பி.கு: என் ஷூவை நான் உதறவில்லை. மணலோடுதான் போகிறேன்.

இன்னொன்று: அங்கே பெரியம்மா வீட்டு மேசையில் எல்லாருக்கும் வயது அறுபதுக்கு மேல். சின்னவன் நான்தானாம், நான்தான் பாடணுமாம். எனக்கு இப்போதே மூன்றாவது கேள்வி வரவில்லை. மிதிக்க அங்கே யாருமில்லையடி.