பெடலில் வெறுங்கால்

இல்லை அம்மா, அது ஆண்பிள்ளையின் கார் இல்லை. ஆனால் உங்களுக்கு வந்த படத்தில் பெடலை மிதிக்கும் வெறுங்கால் என்னுடையதுதான். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? தொலைபேசியில் சொன்னால் ஸ்பீக்கரில் வீடே கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

கார் ஏஞ்சலாவுடையது. மிசிசாகாவில் என்னோடு வேலை செய்கிறாள். கையால் கியர் மாற்றும் பழைய கார். வளைவுக்கு முன் கீழ்க் கியருக்கு இறங்கும்போது, வலது முன்பாதம் பிரேக்கில் இருக்க, அதே காலின் குதியால் அக்சிலேட்டரைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கார் உதறும். தடித்த பனிச் சப்பாத்தோடு அது சரிவராது. கழற்றியது அதற்குத்தான்.

ஆனால் காருக்குள் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்; படத்தை அவள்தான் எடுத்திருக்க வேண்டும். அவளுடைய அம்மா பேர்ணடெற் அன்ரி உங்களோடு படித்தவர் என்பது இப்போதுதான் தெரியும். இங்கே எனக்கிருக்கும் ஒரே சிநேகிதி, என்னைக் கண்காணிக்க நீங்கள் வைத்த ஆளா?

நேற்று மில்லிக்கனில், வெறிச்சோடிய பிளாசாக் கடைத்தொகுதியில் காரை நிறுத்தி அவளிடமே கேட்டேன்.

“ஓம், நான்தான் அனுப்பினன். நீர் சுகமோ எண்டு உம்மட அம்மா கேட்டவ. முகத்தை எடுக்க விடமாட்டீர். அதுதான் காலை எடுத்தன்.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அங்கே என் கட்டிலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய சப்பாத்தை அனுப்பிவிடுங்கள். சுகம் கேட்பதென்றால் என்னிடமே கேளுங்கள். ஞாயிறு பின்னேரம் என்றால் நல்லது.

நேற்று அவள் சிரித்த பிறகு, அவளுடைய போனை வாங்கிப் பின் சீற்றில் போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். முதல் வளைவுக்கு முன் கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். கார் உதறவில்லை.

ஜெனிற்றா