தொட்டி மூடிக்கு அடியில் இருந்த பை

அன்பு மகள் நஜாத்துக்கு,

படைத்தவன் உன்னையும் மருமகனையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே உம்மா, உன் தம்பி முனீஃப், நான் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் நலம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. முதலில் இன்றைய செய்தி. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஊர் வழக்கைத் தீர்க்கும் ஷேக் முர்ஷித் என் இடுப்புக் கத்தியை வாங்கி, முன்பே வாங்கி வைத்திருந்த முனீஃபின் கத்திக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கத்தியைக் கொடுத்தவன் தீர்ப்பு எதுவானாலும் ஏற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கொடுத்தது நான், வாங்கியது அவர், வேறு யாரும் அறையில் இல்லை. ஆகவே உன் சித்தி தொலைபேசியில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே. காரணத்தை வரிசையாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தகிய்யா போன ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டாள். சிறுநீரகம் கெட்டு வாரம் இருமுறை ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தாள் அல்லவா, சண்டையால் கீழ்ச்சாலையை மூடியதில் இரண்டு முறை தவறிப்போனது. மலைப் பாதையில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் போகும் என்பதால் அவள் கணவன் காலிப் நம் முனீஃபைக் கேட்டான். முனீஃப் முன்னால், தகிய்யா நடுவில், அவளைத் தாங்கிக்கொண்டு காலிப் பின்னால். ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள், எட்டரைக்கு அவளுக்கு இயந்திரம் ஒதுக்கியிருந்தார்கள். ஏற்றத்தில் வண்டி இருமி நின்றது. முனீஃப் பிளக்கைத் துடைத்தான், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து பெட்ரோலை வடித்தான், மறுபடி உதைத்ததும் கிளம்பியது. அழுக்கு போய்விட்டது என்று நினைத்தான். சிறிது தூரத்தில் மீண்டும் நின்றது, மீண்டும் அதையே செய்தான், மீண்டும் கிளம்பியது. மூன்று முறை. மருத்துவமனைப் பதிவேட்டை நானே போய்ப் பார்த்தேன்: வந்தது ஒன்பது நாற்பது, உயிர் பிரிந்தது ஒன்பது ஐம்பத்தைந்து. நேரத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று மருத்துவரிடம் கேட்டேன். பிழைத்திருப்பாள் என்றும் எழுதித் தர மாட்டேன், மாட்டாள் என்றும் எழுதித் தர மாட்டேன் என்றார். அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

அடக்கம் முடிந்ததும் காலிபின் தம்பிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஷேக் வீட்டு முற்றத்தில் சங்கிலி போட்டுவிட்டார்கள். தண்ணீர் கலந்த மலிவுப் பெட்ரோலை முனீஃப் ஊற்றியிருக்கிறான் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தெரிந்தே செய்தது என்றானால் அவன் இந்தப் பகுதியை விட்டே போக வேண்டும், திரும்ப முடியாது. சாலையோரக் கேன்களில் விற்பதைத்தானே எல்லோரும் வாங்குகிறோம், அதனால் ஊரே நம்பியது. உம்மா அனுப்பிய ரொட்டித் தட்டு மேலே மூடிய துணி கலையாமல் திரும்பி வந்தது. காலிப் வாசலில் நின்று, முகத்தைக் கூடப் பார்க்காமல் என்னிடம் சொன்னது இதுதான்: "அவ என் நெஞ்சுல சாஞ்சிருந்தா நுஃமான் அண்ணே. மூச்சு ஏறி இறங்கறது என் கைக்குத் தெரிஞ்சுது. உங்க மவன் ஸ்பேனரை வச்சு நோண்டிக்கிட்டு இருந்தான்."

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு இரு தரப்பும் பார்க்க மெக்கானிக் காயித் வண்டியைச் சோதித்தார். அவர் அவசரப்படவில்லை. தொட்டியின் அடித் திறப்பிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து நிற்க வைத்தார். அடியில் தண்ணீர் தங்கவில்லை. பெட்ரோல் சுத்தம், இனி அதைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம் என்றார். குழாயில் இருந்த வடிகட்டியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார், அதுவும் சுத்தம். பிறகு குழாயைக் கார்புரேட்டரிலிருந்து உருவி புட்டிக்குள் விட்டுத் திறந்தார். நல்ல தாரையாக விழுந்தது. காலிபின் தம்பி ஒருவன், ஓட்டம் சரியாத்தானே இருக்கு, வேணும்னே நிறுத்தியிருக்கான் என்றான். பொறு என்று காயித் கையைக் காட்டினார். புட்டி கொஞ்சம் நிரம்புவதற்குள் தாரை நூலாக மெலிந்தது, நூல் சொட்டானது, சொட்டும் நின்றது. தொட்டியோ முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கிறது. அவர் எழுந்து தொட்டி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குழாயில் பெட்ரோல் மறுபடி கொட்டியது. தொட்டியின் வாய் மேல், மெல்லுகிற காத் இலையைக் கட்டித் தருகிற மெல்லிய சிவப்புப் பை, இரண்டாக மடித்து, கிண்ணம் போல உள்ளே குழிந்து கிடந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், மூடியில் அதற்கென்றே ஒரு துளை உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. வண்டி நின்ற பிறகு இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று புகும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் கிளம்பியது; முனீஃப் தான் துடைத்ததால் கிளம்பியது என்று ஏமாந்தான். காயித் அந்தப் பையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "மூக்கைப் பொத்திட்டு ஓடு ஓடுன்னா எது ஓடும்? எந்தக் கழுதைடா இதைப் போட்டது?" என்றார்.

போட்டது நான், மகளே. சனிக்கிழமை பிற்பகல் நான் காத் மென்றுகொண்டிருந்தபோது, காலையில் தூரம் போக வேண்டும் என்று முனீஃப் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்தான். மூடியின் ரப்பர் தேய்ந்து, பெட்ரோல் ததும்பி இருக்கையை நனைத்திருந்தது. நோயாளி உட்காரும் இடம், நாற்றம் தலையைச் சுற்ற வைக்கும் என்று, அவன் தூங்கும்போது என் கையில் இருந்த பையை மடித்து வைத்து மூடியை இறுக்கினேன். அவனிடம் சொல்லவில்லை, சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

பையைப் பார்த்த முனீஃப் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு காயித்திடம், "நான்தான் அண்ணே" என்றான். காலிப் மெதுவாகக் கேட்டான்: "மூணு தடவை நின்னுச்சேப்பா. நீயே போட்டதைத் தொறந்து பாக்கணும்னு ஒரு தடவைகூடத் தோணலையா?" முனீஃப் தலையைக் குனிந்துகொண்டான். தான் போட்டதாகச் சொல்லிவிட்டவன், தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது. நான் அங்கேதான் நின்றேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் யார் செய்தது, யார் பார்த்தது என்று எழுதியவன், வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். முனீஃப், "சும்மா இருங்க வாப்பா. நான் எந்த ஊர்லயும் வண்டி ஓட்டிப் பொழச்சுக்குவேன். இந்த வயசுல உங்களைத் துரத்தினா எங்க போவீங்க?" என்றான். உம்மா அவன் பக்கம்தான். பிள்ளை கொடுத்த வார்த்தையைக் கெடுக்காதீர்கள் என்று அழுதாள், இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனாலும் போனேன். ஷேக் முழுவதையும் கேட்டுவிட்டு, "நேத்தே சொல்லியிருந்தா பாதிச் சுமை குறைஞ்சிருக்கும் நுஃமான்" என்றார். வேறு கடிந்துகொள்ளவில்லை.

நீ முனீஃபைக் கூப்பிட்டு, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். உம்மாவிடம் தனியாகப் பேசு. உன் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, பிள்ளை பிறக்கும் வரை இந்தச் செய்தியை நெஞ்சில் வைத்துக் குமையாதே. தகிய்யாவுக்காக ஃபாத்திஹா ஓது. அல்லாஹ் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காக்கட்டும். இந்தக் கடிதம் ஏடன் போகிற ஒருவர் கையில் வருகிறது, கிடைத்ததும் ஒரு வரி சொல்.

காலிபுக்கு இன்னும் தெரியாது. ஷேக் சொல்ல மாட்டார். புதன் காலை ஒன்பது மணிக்கு அவன் எதிரில் உட்கார்ந்து நானே சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. தீர்ப்பு வியாழன் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு.

உன் வாப்பா,
நுஃமான்
தாயிஸ், செவ்வாய் மாலை