பார்படோஸில் நீ மீன் தொடவில்லை

உன் மகள் நேற்றுப் பின்னேரம் வந்தாள். "அங்கிள், அப்பான்ர அலுமாரியை ஒதுக்கேக்க இது இருந்தது. பின்பக்கம் உங்கட பேர் எழுதியிருக்கு" என்று ஒரு படத்தைத் தந்துவிட்டுப் போனாள். நீ போய் இரண்டு மாதம். உன் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை. நல்ல பிள்ளை, உன்னைப் போல் இல்லை.

படத்தில் நாங்கள் இரண்டு பேரும் கடற்கரை மணலில் இருக்கிறோம். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பொரித்த மீனைக் கடிக்கிறேன். நீ பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தோடு குந்தியிருக்கிறாய், கசாயம் குடிக்க வைத்த பிள்ளையின் முகத்தோடு. நாங்கள் பிரிந்த பிறகுதான் அந்தப் பிலிம் சுருளைக் கழுவியிருப்பாய், அதனால் நான் இதைப் பார்த்ததே இல்லை. நேற்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. விளங்கி என்ன, பிடித்து உலுப்ப நீ இல்லையே.

எழுபதுகளின் நடுவில் அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். ஒரே தொழிற்சாலை. உனக்குக் காலை வேலை, எனக்குப் பின்னேர வேலை. கூட வேலை செய்த பார்படோஸ்காரன், தன் ஊரில் மாமி வீட்டில் அறை இருக்கிறது, வாடகை மிகக் குறைவாகத்தான் எடுப்பா என்று சொன்ன நாளிலிருந்து நீ நிலத்தில் நிற்கவில்லை. "கடலுக்கு ஆர் மச்சான் காசு கேக்கிறான்? குசினியும் தருவாவாம். நாங்களே சமைப்பம்" என்றாய். உலகத்திலேயே மலிந்த ரிக்கற்றைத் தேடிப் பிடித்தாய். திகதி மாற்ற முடியாது, திருப்பிக் கொடுக்க முடியாது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் உன் சூட்கேசுக்குள் போயின. உடுப்புக்குத்தான் இடமில்லை.

மூன்று விமானம் மாறி, நாரி முறிந்து போய் இறங்கினோம். அடுத்த நாள் விடியவே என்னைக் கடலுக்கு இழுத்துப் போனாய். "தலையை முக்கு" என்றாய். முக்கினேன். "இன்னொருக்கா. மூண்டு தரம் முக்கு." கண்ணெரிச்சலோடு எழும்பி, "என்னடா, தீர்த்தமாடக் கீரிமலைக்கோ கூட்டிவந்தனீ?" என்று பகிடி விட்டேன். நீ சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளும் பருப்பும் சோறும், பாணும் வாழைப்பழமும். கரையில் மீனைப் பொரித்துக்கொண்டே விற்கிறார்கள், வாசம் மூக்கைத் துளைக்கிறது, மீனில்லாமல் சோறு இறங்காத நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறாய். "காசைக் கரியாக்காதை. எனக்கும் வேண்டாம், நீயும் தின்னாதை." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கஞ்சப் பிசினாறி, செத்தால் கட்டிக்கொண்டே போகப்போறாய்?" என்று கத்திவிட்டு, உனக்கு முன்னாலேயே வாங்கி வாங்கித் தின்றேன். வழியில் வந்த ஒருவனிடம் உன் கமராவைக் கொடுத்துப் படமும் எடுப்பித்தேன்.

இரண்டாம் நாள் ஒரு தபால் காட் வாங்கி அம்மாவுக்கு எழுதினேன். "அம்மா, கடல் பச்சையும் நீலமுமாய்க் கிடக்கு. நல்லாய்ச் சாப்பிடுறன். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." முத்திரையை நீதான் ஒட்டினாய். தபால் பெட்டிக்கு முன்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாய். "போடன்ரா" என்றேன். போட்டாய்.

டண்டினொங்குக்குத் திரும்பி வந்தபோது வாசல் தபால் பெட்டிக்குள் தங்கச்சியின் கடிதம் கிடந்தது. கதவு திறக்க முதல், வாசற்படியிலேயே உடைத்தேன். "அண்ணா, அம்மா செத்ததுக்கு அடிச்ச தந்தி கிடைச்சிருக்கும். பதில் ஒண்டும் காணேல்லை. கொள்ளி சித்தப்பாவின்ர மகன்தான் வைச்சவன்." நான் உன்னைப் பார்த்தேன். நீ ஜக்கற்றின் உள்பையிலிருந்து தந்தியை எடுத்து நீட்டினாய். நாங்கள் வெளிக்கிட முதல் நாள், நான் வேலையில் நின்றபோது வந்திருக்கிறது. என் அம்மாவின் சாவை நீ பையில் வைத்துக்கொண்டு பார்படோஸ் போய் வந்திருக்கிறாய்.

"ஏன்ரா?" என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னதைக் சாகும்வரை மறக்கமாட்டேன். "நீ போய்ச் சேர முதல் எரிச்சுப்போடுவினம் மச்சான். ரிக்கற்றும் வீணாப் போயிடும்."

ரிக்கற்! அடப் பாவி, அந்த நேரத்தில் வேறு எந்தச் சொல்லும் உன் வாயில் வரவில்லையா?

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. என் காட் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்குச் சனம் கூடியிருக்கும்போது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தாய் செத்துப்போக மகன் கடலில் குளித்து நன்றாய்ச் சாப்பிடுகிறானாம் என்று கைக்குக் கை மாறி வாசித்திருக்கிறார்கள். தங்கச்சி கடைசியாக எழுதியது இரண்டே வரி. உன்னிடம் வந்து கெஞ்சினேன். "நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடு. தந்தியை நீதான் ஒளிச்சனீ எண்டு சொல்லு. நான் சொன்னால் நம்புறாள் இல்லை." நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அவ என்னைத்தானே திட்டுவா. விடு, காலம் போக மறப்பினம்" என்றாய். அந்தக் கிழமையே நான் வீடு மாறினேன். காலம் போனது. ஒருவரும் மறக்கவில்லை. தங்கச்சி இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

நேற்று அந்த வாழைப்பழத்தைப் பார்க்கத்தான் பொறி தட்டியது. எங்கள் வீடுகளில் தாய் செத்தால் முப்பத்தொரு நாள் மச்சம் மாமிசம் தொடக்கூடாது. சாவுச் செய்தி கேட்டவுடன் தலை முழுக வேண்டும். நீ எனக்குச் சொல்லாமலே முழுக வார்த்திருக்கிறாய். காசைச் சாட்டி என்னை மரக்கறியில் வைத்திருக்கப் பார்த்திருக்கிறாய். அது சரிவராமல் போக, நான் பிடிக்கவேண்டிய விரதத்தை நீ பிடித்திருக்கிறாய். விசரன். வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருந்தால் மட்டும் என்ன? விரதத்தை நீ பிடித்தாய், அழுகையை எனக்காக ஆர் அழுதது? மொட்டை அடித்து, வெறுங்காலோடு ஒரு மூலையில் இருந்து அழ எனக்கு இருந்த உரிமையை உன்னிடம் ஆர் தந்தது?

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன், வரவில்லை. பொய் எழுதி உனக்கு என்ன பயன்.

ஆனால் ஒன்று, மச்சான். இதை என் மனுசிக்கும் சொன்னதில்லை. ஊரில் எல்லாருக்கும் அம்மா செத்துப்போயிருந்தா. எனக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டு நாளும் உயிரோடு இருந்தா. என் ஆயுளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் வேறு இல்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் கீழே வைக்கவும் தெரியாமல் இன்னும் காவிக்கொண்டு திரிகிறேன்.